குடியை நிறுத்திய பிறகு மனம் எப்படி மாறுகிறது?

குடிப்பழக்கத்தில் சிக்கிய ஒருவரின் வீட்டில் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருக்கும் வாக்கியம், "மனசு வெச்சா விட்டுடலாம்" என்பதுதான். மனைவி அழுதுகொண்டே சொல்வார். மாமனார் கோபத்தோடு சொல்வார். பட்டறை முதலாளி முன்பணம் கொடுக்க மறுக்கும்போது சொல்வார். சில சமயம் குடிப்பவரே தெளிவாக இருக்கும் காலைப் பொழுதில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அக்கறையோடு சொல்லப்படும் பேச்சுதான் என்றாலும், முதலில் மனம் மாற வேண்டும், அதன் பிறகு குடி தானாக நின்றுவிடும் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. மீண்டு வந்தவர்களின் வாழ்க்கையில் பெரும்பாலும் காண்பது இதற்கு நேர்மாறான வரிசையை. வீட்டாரின் வற்புறுத்தலாலோ, வயிற்று வலியாலோ, வேலை போய்விடும் என்ற அச்சத்தாலோ, அரைமனதோடு குடி முதலில் நிற்கிறது. மனம் அதன் பின்னால், மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மெல்ல மாறி வருகிறது. அந்த மாற்றம் எந்த வழியில் நடக்கிறது என்பதை, இதைப் பற்றி முதன்முதலாகப் படிப்பவருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

இந்தக் கட்டுரையின் எடுத்துக்காட்டுகளைச் சேலத்திலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுக்கிறேன்; சேலத்துக்கும் இந்தப் பேச்சுக்கும் பழைய உறவு உண்டு. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் போன்ற பதவி) இருந்தபோது, மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான். அதற்கும் முன்பே, அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டுக்கு அருகே 1925-இல் அவர் தொடங்கிய காந்தி ஆசிரமத்திலிருந்து, மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 'விமோசனம்' என்ற இதழ் வெளிவந்தது. கல்கி அதில் பணியாற்றினார். இன்று நிலைமை வேறு. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். கடை திறந்திருக்கும் ஊரில், அதே தெரு வழியாகத் தினமும் வேலைக்குப் போய்வர வேண்டியவரின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதே நமக்கு இங்கே முக்கியம். இது சிலருடைய பிரச்சினையும் அல்ல: 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர் சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் அளவுக்கு மதுவால் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கணக்கிட்டது.

விருப்பம் மட்டும் ஏன் போதவில்லை

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மதுச் சார்பு, அதாவது மது இல்லாமல் இருக்க முடியாத நிலை, ஒரு நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. இப்படிச் சொல்வது குடிப்பவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதற்காக அன்று; மூளையில் நடந்திருப்பதைச் சரியாகப் பெயர் சொல்லி அழைப்பதற்காக. இன்பம் தரும் எதையும் மீண்டும் நாடத் தூண்டும் வேலையை மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் செய்கிறது. மது அந்த ஏற்பாட்டைத் திரும்பத் திரும்பக் கிளறிவிடும்போது, மதுவோடு சேர்ந்து வரும் எல்லாவற்றையும், அதாவது நேரம், இடம், வாசனை, உடன் இருக்கும் ஆள், கையில் இருக்கும் பணம் ஆகியவற்றையும், மூளை ஒரு கட்டாகச் சேர்த்துப் பாடம் செய்துகொள்கிறது. அதே காலத்தில், விளைவை யோசித்து நிதானிக்கச் சொல்லும் முன்மூளைப் பகுதியின் பிடி தளர்கிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவரை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கூலி கைக்கு வருகிறது. காலையிலிருந்து குனிந்தே இருந்ததால் கழுத்தும் முதுகும் இறுகிக் கிடக்கின்றன, மத்தியானம் சாப்பிட்டது எப்போதோ செரித்துவிட்டது, பக்கத்து இருக்கைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே "வாண்ணா, ஒரு கட்டிங் போட்டுட்டுப் போலாம்" என்கிறார். குடிக்கலாமா வேண்டாமா என்று அவர் உட்கார்ந்து யோசித்து முடிவெடுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் கூலிப் பணத்தை எண்ணும்போதே அவர் வாயில் எச்சில் ஊறத் தொடங்கிவிடுகிறது. நியாயம் பிறகுதான் வந்து சேர்கிறது. "உடம்பு வலிக்கு", "தூக்கம் வர", "அவன் மனசு நோகக் கூடாதுன்னு" என்பவையெல்லாம் ஏற்கெனவே கிளம்பிவிட்ட காலுக்கு மனம் தேடித் தரும் காரணங்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் மாதங்களில் கேட்கும் காரணம் "குளிருக்கு". ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி மாதக் காலை எப்படி இருக்கும் என்று அங்கே தங்கியவர்களுக்குத் தெரியும். ஆகவே கேட்பவருக்கும் அது நியாயமாகவே படும். ஆனால் மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரியச் செய்வதால்தான் சூடாக இருப்பது போலத் தோன்றுகிறது. உடலின் உள்வெப்பமோ அந்த வழியாக வெளியேறி, உடல் இன்னும் குளிர்ந்துபோகிறது. பல ஆண்டுகள் நம்பி வந்த ஒரு காரணம் பொய் என்று தெரியவரும் இத்தகைய தருணங்கள் மீட்சியில் முக்கியமானவை. குடித்துக்கொண்டிருக்கும்போது இதைச் சொன்னால் வாதமாக முடியும். குடிக்காமல் ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர் தாமே கண்டுகொள்வார்.

மாலை போட்ட நாட்கள் சொல்வது என்ன

நம் ஊர்களில் குடியை நிறுத்துவதற்கு ஏற்கெனவே உள்ள வழிகளைப் பற்றிப் பேசாமல் இந்த விளக்கம் முழுமையாகாது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டவர் ஒரு மண்டலம் மதுவைத் தொடுவதில்லை. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவர், குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர் எனப் பலரையும் நாம் அறிவோம். "மாலை போட்டு 48 நாள் இருக்கலையா? நெனச்சா விட்டுடுவேன்" என்று குடிப்பவர் இதைச் சான்றாகக் காட்டுவார், "சாமிக்குப் பயந்தவன் பொண்டாட்டி புள்ளைக்குப் பயப்படலையே" என்று வீட்டார் குறையாகச் சொல்வார்கள். இரண்டு பேச்சும் அந்த நாட்களில் உண்மையாக நடந்ததைக் கவனிப்பதில்லை.

அந்த ஒரு மண்டலத்தில் மாறுவது மது மட்டுமன்று. விடியற்காலையில் எழுந்து குளிக்கிறார். உடை மாறுகிறது, உணவு மாறுகிறது, செருப்பு இல்லை. சாயங்காலம் பஜனைக்குப் போகிறார், ஆகவே சாயங்காலம் காலியாக இல்லை. கூட இருப்பவர்களும் மாலை போட்டவர்கள். குடிக்கக் கூப்பிடும் நண்பரே "சாமி" என்று அழைத்துவிட்டு ஒதுங்கிப் போகிறார். ஒருவருடைய நாள், உடல், துணை, ஊரார் அவரை அழைக்கும் பெயர் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் மாறும்போது, மனம் முழுதாகச் சம்மதிக்காமலேயே குடி நின்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று அந்த நான்கும் ஒரே நாளில் பழையபடி ஆகிவிடுகின்றன. பழைய சனிக்கிழமை அப்படியே காத்திருக்கிறது. முடிவு நாள் குறிக்கப்படாத ஓர் ஏற்பாட்டை அதே அளவுக்கு முழுமையாகக் கட்டியெழுப்புவதே சிகிச்சையின் வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பல ஆண்டுகளாகத் தினமும் அதிகமாகக் குடித்துவருபவர், குறிப்பாகக் காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குபவர், மருத்துவ உதவி இல்லாமல் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்குகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாத மனக்குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் உண்டாகும். இதைப் பேய் பிடித்ததாகவோ சாமி குத்தமாகவோ எண்ணி வீட்டிலேயே வைத்திருந்து உயிரிழப்பு நேரக்கூடாது. சில நாட்கள் மருத்துவரின் கண்காணிப்பில் மாத்திரைகளும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய ஆபத்து இது.

இரு மனமாக இருக்கும் காலம்

அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் புரோச்சஸ்காவும் கார்லோ டிகிளெமென்டியும் புகைபிடிப்பதைத் தாமாகவே விட முயன்றவர்களை ஆராய்ந்து, 1983-இல் மாற்றத்தின் படிநிலைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரச்சினை இருப்பதாகவே நினைக்காத நிலை, விடலாமா என்று யோசிக்கும் நிலை, ஆயத்தமாகும் நிலை, செயலில் இறங்கும் நிலை, அதைத் தக்கவைக்கும் நிலை என்று அவர்களின் முறை பின்னாளில் உலகமெங்கும் சிகிச்சையாளர்களுக்குப் பாடமானது. இது மாடிப்படி போல நேராக ஏறும் வழியன்று. மேலே போனவர் கீழே வருவதும் மீண்டும் ஏறுவதும் இயல்பு.

இவற்றுள் வீட்டார் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இரண்டாவது நிலையைத்தான். விட வேண்டும் என்றும் விடக் கூடாது என்றும் ஒரே மனம் ஒரே நேரத்தில் விரும்புகிறது. காலையில் அழுது மன்னிப்புக் கேட்டவர் சாயங்காலம் குடித்துவிட்டு வந்தால், காலையில் நடித்தார் என்றே நாம் முடிவு கட்டுகிறோம். அவர் காலையில் சொன்னதும் உண்மை, சாயங்காலம் செய்ததும் உண்மை. இந்த இரு மனத்தோடு பேசும் முறையை உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இலிருந்து உருவாக்கினார். அதன் சாரம் எளியது: குடியின் கெடுதியை நாம் அடுக்க அடுக்க, எதிரில் இருப்பவர் குடியின் பக்கம் நின்று வாதாடத் தள்ளப்படுகிறார், அவர் வாயாலேயே மாற்றத்தின் பக்கம் ஒரு சொல் வரும்படி கேட்டுவிட்டுக் காத்திருந்தால், அந்தச் சொல் அவருக்கே உரியதாகிவிடுகிறது.

"ஏன் குடிக்கிறீங்க, குடும்பம் நாசமாப் போகுதே" என்று கேட்டால் பதிலாக வருவது சண்டை. "ஏங்க, மாலை போட்டிருந்தப்ப காலையில கை நடுங்காம இருந்துச்சே, அப்ப எப்படி இருந்துச்சு உங்களுக்கு?" என்று, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், கேலியின்றிக் கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு. பாப்பா பக்கத்துல வந்து படுத்துக்கிச்சு" என்று ஒரு பதில் வரக்கூடும். அதற்கு மேல் அன்றைக்குப் பேச வேண்டியதில்லை. "அப்ப விட வேண்டியதுதானே" என்று உடனே சேர்த்துவிட்டால் வந்த சொல்லும் திரும்பிப் போய்விடும்.

மனம் மாறத் தொடங்கும் இடங்கள்

நிறுத்திய முதல் வாரங்களில் மனமாற்றத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. தூக்கம் சரியாக வராது, எரிச்சல் மிகும், சிறு சத்தமும் தாங்காது, எதிலும் சுவை இருக்காது. "குடிச்சப்பவே தேவலாம்" என்று வீட்டார் சொல்லிவிடுவதும் இந்தக் காலத்தில்தான். மதுவுக்குப் பழகிய மூளை, அது இல்லாமல் இன்பத்தையும் அமைதியையும் உண்டாக்கக் கற்றுக்கொள்ளும் வரை இந்த வெறுமை நீடிக்கும். மாதங்கள் செல்லச் செல்ல நினைவாற்றலும் நிதானமும் படிப்படியாகத் திரும்புகின்றன. மருத்துவர்களும் அறிகுறிகளின்றி மூன்று மாதம் கடந்ததைத் தொடக்கநிலைத் தணிவு (நோய் அடங்கியிருக்கும் நிலை) என்றும், ஓராண்டு கடந்ததையே நீடித்த தணிவு என்றும் கணக்கில் கொள்கிறார்கள்.

முதலில் மாறுவது காலத்தைப் பற்றிய எண்ணம். "இனி வாழ்நாளில் தொட மாட்டேன்" என்பது கேட்பதற்கு உறுதியாக இருந்தாலும், நாற்பது வயதுக்காரருக்கு அது இன்னும் முப்பது ஆண்டு தீபாவளிகளையும் கல்யாண வீடுகளையும் சாவு வீடுகளையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றுகிறது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கி, இன்று தமிழ்நாட்டிலும் கூடிவரும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பினர், இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பதை மட்டுமே இலக்காகக் கொள்ளச் சொல்கிறார்கள். நாளைய முடிவு நாளைக்கு. இது சிறிய உறுதி போலத் தோன்றும். நிறைவேற்றக்கூடிய உறுதி என்பதே அதன் வலிமை.

அடுத்து, "நான் ஏன் இப்படி ஆனேன்" என்று தன்னையே குடைந்துகொள்ளும் கேள்வி, "எனக்கு எப்போது ஆசை வருகிறது" என்று கவனிக்கும் கேள்வியாக மாறுகிறது. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் பலருக்கும் பொதுவான தூண்டுதல்கள் என்று சிகிச்சை மையங்களில் சொல்லித் தருவார்கள். கொலுசுப் பட்டறைக்காரரின் சனிக்கிழமையை மீண்டும் பார்த்தால், பசியும் களைப்பும் அன்றைக்கு அவரிடம் இருக்கின்றன. இப்போது அவர் கூலியை முதலாளி நேராக மனைவியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறார். பட்டறையை விட்டு இறங்கியதும் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து, சற்றுச் சுற்றான வழியில் நடக்கிறார். வழியில் தள்ளுவண்டியில் ஒரு தட்டுவடை செட்டு சாப்பிடுகிறார், ஏனெனில் வயிறு நிறைந்தால் ஆசையின் கூர்மை குறைவதை அவரே கவனித்திருக்கிறார். இவற்றில் ஒன்றுகூடப் பெரிய மன உறுதியைக் கேட்பதில்லை. ஆசை வந்தாலும் அது கொஞ்ச நேரம் உச்சத்தில் நின்று, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே தணிந்துவிடும் என்பதை இரண்டொரு முறை அனுபவித்த பிறகு, ஆசையைக் கட்டளையாகக் கேட்ட மனம் அதை வந்து போகும் ஒன்றாகப் பார்க்கப் பழகுகிறது. என் கருத்தில், மீட்சியின் உண்மையான திருப்பம் இதுதான்.

மெதுவாக மாறுவது அவமானம். குடித்த காலத்தில் அடித்தது, அடகு வைத்தது, மகளின் பள்ளியில் போய்க் கத்தியது என ஒவ்வொன்றும் தெளிந்த மூளையில் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. "நான் கெட்டவன்" என்ற எண்ணம் குடிக்கே திரும்ப அழைத்துச் செல்லும். "நான் செய்தது கெட்ட காரியம், அதைச் சரிசெய்ய இது என் முறை" என்ற எண்ணம் அடகுக் கடைக்கு வட்டியோடு அழைத்துச் செல்லும். இந்த இடைவெளியைத் தனியாகக் கடப்பது கடினம். தன்னைப் போலவே செய்துவிட்டு மீண்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒளிக்காமல் பேசும் கூட்டங்கள் இங்கேதான் உதவுகின்றன. தான் மட்டுமே இப்படி என்ற எண்ணம் அங்கே உடைகிறது.

சில மாதம் நன்றாகப் போன பிறகு எதிர்த்திசையில் ஓர் எண்ணம் முளைக்கும்: "இப்ப எனக்குக் கட்டுப்பாடு வந்துடுச்சு, கல்யாணத்துல ஒரு பீர் குடிச்சா ஒண்ணும் ஆகாது." கடுமையான சார்பு நிலைக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்கு அளவோடு குடிப்பது நிலைப்பதில்லை, மூளை பாடம் செய்தது அழியாமல் ஓய்ந்து கிடக்கிறது. ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே கூடி, உறவினர் வீட்டுக்கு வரும்போது என்ன சொல்லி மறுப்பது என்பதை முன்கூட்டியே மனைவியோடு பேசி வைத்துக்கொள்பவர், எண்ணம் வந்தபின் போராடுபவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார்.

ஒருநாள் குடித்துவிட்டால்

சறுக்கல் வரலாம் என்பதை வீட்டார் முன்பே அறிந்திருப்பது நல்லது. உளவியலாளர் ஆலன் மார்லட் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1980-களில் விளக்கியது இது: முதல் கோப்பையைவிட, அதைக் குடித்த பிறகு ஒருவர் தன்னைப் பற்றி எடுக்கும் முடிவே அதிகச் சேதம் செய்கிறது. "இத்தனை மாதமும் வீண், நான் தேற மாட்டேன், இனி எதற்குக் கட்டுப்பாடு" என்ற எண்ணம்தான் ஒரு கோப்பையை ஒரு மாதக் குடியாக ஆக்குகிறது. சேலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போட்டுவிட்டு மேலே ஓட்டுகிறார். அதுவரை நெய்த துணியை யாரும் வெட்டி எறிவதில்லை. குடிக்காமல் இருந்த மாதங்களில் மூளை கற்றதும் அப்படியே இருக்கிறது. எந்த நேரத்தில், யாரோடு, எந்த எண்ணத்துக்குப் பின் அது நடந்தது என்று மறுநாளே தேடி, சிகிச்சை அளிப்பவரிடம் சொல்லிவிடுவதே சரியான வழி. அவர் மறைப்பாரா சொல்வாரா என்பது, சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பொறுத்திருக்கிறது.

வீட்டாரின் மனமும் மாற வேண்டியிருப்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணவர் குடியை விட்டு ஆறு மாதம் ஆன பிறகும், பத்து நிமிடம் தாமதமானால் மனைவிக்கு வயிறு கலங்குகிறது; உள்ளே வரும்போது வாயை முகர்ந்து பார்க்கிறார். கணவருக்கு அது அவமதிப்பு. மனைவிக்கு அது பல ஆண்டு அடியும் பொய்யும் கற்றுத்தந்த தற்காப்பு. நம்பிக்கை கேட்டுப் பெறக்கூடியதன்று. சொன்ன நேரத்துக்கு வந்த நாட்கள் சேரச் சேர வருவது. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே 1951-இல் தொடங்கப்பட்ட அல்-அனான் அமைப்பு இந்தத் தேவையிலிருந்தே பிறந்தது.

பொறுமை தீர்ந்துபோன குடும்பங்கள் செய்யும் ஒரு செயலை மட்டும் கட்டாயம் தடுக்க வேண்டும். "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று விற்கப்படும் மருந்துகளை நம்பி வாங்கிவிடக் கூடாது. அவற்றில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. மருத்துவர்கள் தரும் டைசல்பிரம் மாத்திரையும்கூட, அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, சில வேளை உயிருக்கே கேடாகும் தன்மை உடையது. ஆகவே நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் பரிசோதித்த பிறகே அது தரப்படுகிறது. ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. கல்லீரலின் நிலையைப் பார்த்து எதைத் தருவது என்று மருத்துவரே முடிவு செய்வார்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். போதைப் பழக்கத்துக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. குடிப்பவர் வர மறுத்தால், குடும்பத்தில் ஒருவர் மட்டும் முதலில் போய் ஆலோசனை கேட்கலாம். அப்படிப் போகும்போது, அவர் தினமும் ஏறத்தாழ எவ்வளவு குடிக்கிறார், காலையில் குடிக்கிறாரா, முன்பு நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்ததா, சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவர் முதல் நாளே வேலையைத் தொடங்க முடியும்.